அறுபத்து மூன்றுக்கு முப்பத்தேழு

சிம் லிம் டவர் மூன்றாம் தளத்தில்
நூல்கண்டு போல அடுக்கியிருக்கிறார் திரு. குவெக்.
எல்லாம் ஒரே வெள்ளி நிறம்.
விலை மட்டும் வேறு.

குழாய்க்கா, ரேடியோவுக்கா என்றார்.
ரேடியோ என்றேன்.
ஒரு சுருளை எடுத்து உள்ளே தள்ளினார்:
அதன் வயிற்றில் அமிலம்.
ஒட்டும் நாளில் ஒன்றும் தெரியாது,
ஆறு மாதத்தில் செம்பைத் தின்றிருக்கும்.
அப்படிச் சிலரை எனக்கும் தெரியும்.

முதல் தடவை ஈயமில்லாததை வாங்கினேன்.
வீட்டில் பதினான்கு மாதத்து நிதர்சன்,
தரையில் கிடப்பதெல்லாம் அவனுக்கு பிஸ்கட்.
உட்லண்ட்ஸில் என் வேலையிடத்திலும் அதே கலவைதான்;
ஆனால் அங்கே ஒன்பது அறை அடுப்பு,
எக்ஸ்ரே கண்,
நான் வெறும் மேற்பார்வை.

இங்கே இருபத்தைந்து வெள்ளிச் சூட்டுக்கோல்.
இளக மறுத்தது, இளகியும் ஓட மறுத்தது.
உறைந்தபின் ஒவ்வொரு முடிச்சும் சாம்பல்.
பற்றியதா, பற்றவில்லையா?
கேட்டால் பதில் சொல்லாத முகம்.
ஐம்பத்தெட்டு முடிச்சு முடித்து ஹெட்ஃபோனை மாட்டினேன்.
ஒன்றுமில்லை. இரைச்சல்கூட இல்லை.

மறுபடி குவெக்.
அறுபதுக்கு நாற்பது மலிவு, என்றார்.
ஆனால் அது ஆறும்போது ஒரு கணம்
நீருமில்லாமல் கல்லுமில்லாமல் கூழாக நிற்கும்;
அந்தக் கணத்தில் கை அசைந்தால்
உள்ளே விரிசல், வெளியே பளபளப்பு.
மற்றது நூற்று எண்பத்து மூன்று டிகிரியில்
நீராக இருந்து கல்லாகிவிடும்.
நடுவே எதுவும் கிடையாது.

இரவில் மூன்று முறை எழுந்த கை என்னுடையது.
எனக்கு நடுவே எதுவும் வேண்டாம்.
வெள்ளீயம் அறுபத்து மூன்று, காரீயம் முப்பத்தேழு.
அறுபத்து மூவர் என்றால்
இனி எனக்கு இந்த நினைவும் வரும்,
சிவன் மன்னிப்பார்.

கனத்திலும் தகராறு:
ஒரு மில்லிமீட்டர் கம்பி
பொட்டு வைக்கச் சொன்னால் பூசி மெழுகும்.
அரை மில்லிமீட்டர் ஊட்டி முடிவதற்குள் பலகை கருகும்.
புள்ளி எட்டு எடுத்தேன்.

பழையதை உறிஞ்சி எடுக்கவே இரண்டு இரவு.
சமையலறை ஜன்னலோரம், முதுகுப்பக்கம் விசிறி,
கம்பிக்குள்ளிருந்து குங்கிலியப் புகை.
செம்பாயாங்கா, என்று தாழ்வாரத்திலிருந்து
மக்சிக் ரொஹாயா கேட்டார்.
இல்லை மக்சிக், ரேடியோ.
வாசம் நல்லாயிருக்கு, எது செய்தாலும் செய், என்று போனார்.

துண்டுகளை ஈரக் காகிதத்தால் துடைத்தெடுப்பேன்.
சுருள் பால்மாவு டின்னுக்குள்,
டின் அலமாரி உச்சியில்.
முழங்கைவரை சோப்பு.
அதற்குப் பிறகுதான் பிள்ளை.
சசிதரன் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறார்,
எண்ணட்டும்.

புகுமுக வகுப்பில் யாப்புக்காக
உருப்போட்டது ஒன்று கைவேலைக்கு நடுவே வந்தது:
வெண்பாவில் இரண்டாம் அடி
தனிச்சொல்லோடு பொருந்தாமல் நின்றால்
ஓரசை, ஈரசை இட்டுச் சேர்ப்பார்கள்.
அதற்கு ஆசு என்று பெயர்.
தட்டான் பட்டறைச் சொல், பற்றாசின் ஆசு.
அன்று தேர்வில் விளக்கத் தெரியவில்லை.
இன்று விரல்நுனியில் புகைகிறது.

நள்ளிரவு தாண்டி ஒரு மணி, புக்கிட் பாத்தோக்.
துணி காயவைக்கும் மூங்கிலில் கட்டிய கம்பி
பன்னிரண்டாம் மாடிக் காற்றில் ஆடுகிறது.
மின்தூக்கி ஏறும்போதெல்லாம் காதில் கரகரப்பு.
அது நின்ற இடைவெளியில்
நெடில் குறில் நெடில் குறில்
நெடில் நெடில் குறில் நெடில்.
மக்காசாரிலிருந்து யாரோ
யாராவது இருக்கிறீர்களா என்கிறார்.

காய்ச்சிய ஈயத்தைக் காதில் ஊற்றினாற்போல் என்று
கொடுஞ்சொல்லுக்குச் சொல்வோம்.
நான் காய்ச்சி ஊற்றியது
இதைக் கேட்பதற்கு.

மறுபடி அழைக்கிறார்.
பதில் சொல்ல என்னிடம் இன்னும் பாதிப் பலகை பாக்கி.
நாற்பத்தேழாம் முடிச்சு கொஞ்சம் மங்கல்,
தொடப்போவதில்லை.
உள்ளறையில் நிதர்சன் சிணுங்குகிறான்.
இரு, வருகிறேன்,
கை கழுவிக்கொண்டு.